வீட்டுக்கு வந்து போகும் கோப்பை

என் தம்பியின் முகம் எங்கள் ஊரில் இன்றைக்கும் பல இடங்களில் கிடைக்கும். ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில், கூரை ஒழுகாமல் இருக்க. இன்னொரு வீட்டு வைக்கோல் போர் மேல். புளி காயவைக்கிற களத்தில் அவன் நெற்றியிலும் மூக்கிலும் புளியங்கொட்டைகள் சிதறிக் கிடக்கும். கால்பந்துப் போட்டி முடிந்த மறுநாள் அவன் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனரைக் கழற்றிக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல கனமான ஃபிளெக்ஸ், வீணாக்க யாருக்கும் மனசு வராது. முதல் வருடம் நான் அந்தப் புளிக்களத்தில் போய்ச் சண்டை போட்டேன். களத்துக்காரம்மா பதறிப்போய்ப் பேனரைத் திருப்பிப் போட்டார். அடுத்த வருடம் நானே ஒரு துண்டை வாங்கி வந்து எங்கள் வீட்டு விறகைப் போர்த்தினேன். விறகு நனைந்தால் அடுப்பு முன்னால் கண்ணைக் கசக்குகிறவள் நான்தானே.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நாலு வழிச் சாலை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கோயில், பள்ளிக்கூடம், ஏரி எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் தெரு மட்டும் இந்தப் பக்கம். ஒழுங்காகத் திரும்ப வேண்டுமென்றால் பாலம் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக யாருக்குப் பொறுமை? சாலை நடுவில் இருக்கும் தடுப்பில் ஓரிடத்தில் இடைவெளி உண்டு. அதுவரை ஓரமாக, எதிரே வரும் வண்டிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ராங் சைடில் போய் அங்கே திரும்பிக்கொள்வோம். பால் வண்டி, ஷேர் ஆட்டோ, கல்யாண வேன் எல்லாம் அப்படித்தான். தருமபுரியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு என் ஸ்கூட்டியும் அப்படித்தான் போகிறது. தம்பி ஒரு சாயங்காலம் ஏரியில் பந்து விளையாடிவிட்டு பைக்கில் அப்படித்தான் வந்தான். எதிரே லாரி வந்தது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு அம்மா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அப்பா பெங்களூரில் கட்டட மேஸ்திரி. காரியம் முடிந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்தார், வீட்டில் உட்கார முடியாமல் வேலைக்கே திரும்பிப் போய்விட்டார். நான் பள்ளிக்குப் போய்விட்டு வருவேன். காலையில் அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலேயே சாயங்காலமும் உட்கார்ந்திருப்பாள். சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவாள், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள். எனக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. பெற்ற பிள்ளைகளில் ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று அவளை உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருக்கும்.

வருடம் திரும்பியபோது தம்பியின் கூட்டாளிகள் அவன் பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். முன்னால் நின்றவன் அவர்கள் அணியின் கோல்கீப்பர். தம்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் முள்ளை வெட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, தைலமரக் கம்புகளை நட்டுக் கோல்போஸ்ட் செய்தார்கள். அணிக்கு ஏழு பேர், பதினேழு வயசுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று நோட்டீஸ் அடித்தார்கள். வந்த பையன்களில் சிலருக்கு அன்று காலையில் தாடியை வழித்துவிட்டு வந்த பச்சை கன்னத்தில் தெரிந்தது. கோல்கீப்பர் ஒவ்வொருவனிடமும் ஆதார் கார்டு கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் தம்பியின் பேனர். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை வாங்கிப் போய், கழுத்துக்குக் கீழே யாருடைய கோட்டு சூட்டையோ ஒட்டி, பின்னால் இரண்டு வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டிருந்தார்கள். தம்பி பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அம்மா போகவில்லை. அன்று சாயங்காலம் தெருவில் பைக்குகளின் சத்தம் கேட்டது. ஜெயித்த அணியை எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் கோல்கீப்பர். ஏரி மண் ஒட்டிய கால்களோடு பையன்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். ஒருவன் கையில் இடுப்பு உயரத்துக்குத் தங்க நிறத்தில் கோப்பை.

"அம்மா, கப்ப அவன் போட்டோகிட்ட வெச்சிட்டு எடுத்துக்குனு போறம்மா" என்றான் கோல்கீப்பர்.

அம்மா எழுந்தாள். யாரும் கைகொடுக்காமல் தானாக எழுந்தாள். கோப்பையை வாங்கித் தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். கோப்பைக்கும் குங்குமம் வைத்து, வரிசையாக நின்ற பையன்கள் நெற்றியிலும் வைத்தாள். வீட்டில் கொடுக்க ஒன்றும் இல்லை என்று சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் ஒரு ஸ்பூன் போட்டாள். அவர்கள் போன பிறகு அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்கு வூடு வந்து சேரவேண்டியவன். இன்னிக்குத்தான் வந்திருக்கான்" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது அந்த வழக்கம். ஜெயித்த கோப்பை முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குப் போகும். இரண்டாம் வருடம் நோட்டீஸிலேயே அதைப் போட்டுவிட்டார்கள். அம்மாவும் ஏரிக்கு வந்து கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். பாலக்கோட்டிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் அணிகள் வந்தன. சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த பையன்கள் ஒரு வருடம் வெறுங்காலோடு ஆடி, ஷூ போட்டவர்களை எல்லாம் தண்ணி காட்டிவிட்டுப் போனார்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. இறுதிப்போட்டி முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். வாசல் தெளித்து, லட்டுத் தட்டை எடுத்து வைத்து, பைக் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். வருடம் முழுக்க அவள் உயிரோடு இருந்தது அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான்.

ஒரு வருடம் மழை வெளுத்து வாங்கியது. ஏரி நிரம்பிக் கோடையிலும் தண்ணீர் வற்றவில்லை. ஊரே கிடா வெட்டிப் பொங்கல் வைத்தது. போட்டி நடக்காது என்று கோல்கீப்பர் வந்து சொன்னபோது அம்மா அவனோடு பேச மறுத்துவிட்டாள். காய்ந்து கிடக்கும் இந்தச் சீமையில் நிறைந்த ஏரியைப் பார்த்து வயிறெரிந்த ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

கோப்பையோடு வரும் அந்த பைக் ஊர்வலம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பைக்கில் மூன்று பேர், ஒருவன் தலையிலும் ஹெல்மெட் கிடையாது, சைலன்சரைக் கழற்றிவிட்ட வண்டிகள். பைக்கில் போய்ச் செத்தவனுக்கு மரியாதை செலுத்த எல்லோரும் பைக்கில் வருகிறார்கள், அதுவும் அவன் வந்த அதே ராங் சைடில். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கோல்கீப்பரிடம் கேட்டேன், படத்தைக் கொண்டுபோய் ஏரியிலேயே மேடையில் வைத்துவிட்டால் என்ன என்று.

அவன் பதில் சொல்லும் முன் அம்மா உள்ளிருந்து வந்தாள். "அவன் வூட்டுக்கு வந்துட்டுப் போறான். அது உனக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்த போட்டியில் ஜெயித்தது நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அணி. வழக்கம்போல் கோப்பையோடு வந்தார்கள், கற்பூரம் ஏற்றினோம், லட்டு கொடுத்தோம். நான் தட்டும் சொம்புமாக அடுக்களைக்கும் கூடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஒருத்தன் முகத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. வண்டிகள் கிளம்பிப் போன சத்தம் அடங்குவதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ராங் சைடில் போன ஒரு பைக்கில் லாரி மோதியிருந்தது. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த பையன் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டான். பதினாறு வயது. ஓட்டியவனுக்கும் பின்னால் இருந்தவனுக்கும் கால் முறிந்தது.

தெருவே ஓடியது. அம்மா ஓடவில்லை. விரலில் குங்குமத்தோடு வாசலில் நின்று, திரும்பி வருகிறவர்களிடம் எல்லாம் "யாரு பையன், யாரு பையன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதி முடிந்துவிட்டது என்றார்கள். லாரி ஓட்டுநரை இழுத்துப்போட்டு அடித்தார்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பாலம் வேண்டும் என்று மறியல் செய்தார்கள். மறியலுக்குப் பாதிப் பேர் ராங் சைடில்தான் வந்து சேர்ந்தார்கள். அதைப் பார்த்து நான் நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது.

சில நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அம்மா கேட்டாள். "கப்ப வூட்டுக்குக் கொண்டாரச் சொன்னது நானா, அவனுங்களா?"

அவர்களாகத்தான் முதலில் கொண்டுவந்தார்கள், அது உண்மை. அதை விடாமல் பிடித்துக்கொண்டவள் நீ என்பதும் உண்மை. இரண்டாவது என் வாய் வரை வந்தது. எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது, இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் கோல்கீப்பர் வந்தான். இளைத்திருந்தான். போட்டியை விட்டுவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ புதிதாக ஒரு திட்டத்தோடு வந்திருந்தான்.

"ரெண்டு பேரு போட்டோவும் பேனர்ல போடறம்மா. கப்பு மொதல்ல நம்ம வூட்டுக்கு வரும். அப்பறம் நல்லம்பள்ளிக்குப் போயி அவங்க வூட்டுக்கும் போவும்."

"எந்த வழியாடா போவீங்க?" என்றேன்.

"மெதுவாத்தான்க்கா போவோம்" என்றான் தரையைப் பார்த்தபடி. அவனைத் திட்டவும் முடியவில்லை. செத்தவனுக்கு மரியாதை செய்ய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பேனருக்குப் படத்தை வீட்டுக்காரர்கள் கையால் வாங்கித்தான் போட வேண்டும், அது ஒரு முறை. பையன்கள் நல்லம்பள்ளிக்குப் போகத் தயங்கினார்கள். அம்மா தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பினேன். தருமபுரியில் பஸ் மாறி, நல்லம்பள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. வழியெல்லாம் அம்மா மடியில் ஒரு பையில் பழமும் பூவும் வைத்திருந்தாள்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் தக்காளி குவிந்து கிடந்தது. அந்தப் பையனின் அம்மா தனியாக உட்கார்ந்து பழுத்ததையும் செங்காயையும் பிரித்துப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். என் வயதைவிடச் சில வயசுதான் கூட இருக்கும். எங்களைப் பார்த்து, "யாருங்க?" என்றார்.

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவர் கை நிற்கவில்லை. இன்னும் நான்கைந்து தக்காளிகளைப் பெட்டியில் போட்டார். பிறகு, "உக்காருங்க" என்றார்.

அம்மா தக்காளிக்கு அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவளும் தக்காளியைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் ஒரு ஓரமாக நின்றேன். எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்தம்மாதான் முதலில் பேசினார். "அவன் உங்க வூட்ல என்ன சாப்ட்டாங்க?"

"லட்டு" என்றாள் அம்மா. "ஒன்னுதான் எடுத்தான். நாந்தான் இன்னொன்னு கையில வெச்சேன். ஷூவ வாசல்லயே கழட்டிட்டு வந்தான். மத்த பசங்க கழட்டல. தண்ணி கேட்டான். சொம்பத் தூக்கிக் குடிச்சதுல பாதி பனியன்ல ஊத்திக்கிட்டான்."

"அப்பிடித்தான் குடிப்பான்" என்றார் அவர். "வேற ஏதாச்சும் பேசுனானா?"

"போட்டோவப் பாத்துட்டு, அண்ணன் எந்த எடத்துல ஆடுவாருன்னு கேட்டான். எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாதுன்னேன். பின்னால நிப்பான், எவனையும் தாண்ட வுடமாட்டான்னேன். நானும் அங்கதாங்கன்னு சொன்னான்."

அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். என் கண்ணில் விழாத அந்தப் பையனை அம்மா இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பிறகு அம்மா மெல்ல விஷயத்தைச் சொன்னாள். பேனர், இரண்டு படம், கோப்பை இங்கேயும் வரும் என்று. அந்தம்மா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். குரலை உயர்த்தவும் இல்லை.

"உங்க பையன் போனான். அவனுக்கு ஒரு கப்பு வெச்சீங்க. அந்தக் கப்ப எடுத்துக்குனு வர்றப்ப எம் பையன் போனான். இப்ப இவனுக்கும் ஒரு கப்பு வெக்கலாங்கறீங்க. அத எடுத்துக்குனு வர்றப்ப எந்த வூட்டுப் பையன் போவான்னு சொல்லிட்டுப் போட்டோவ வாங்கிக்குங்க."

அம்மாவின் கையில் ஒரு தக்காளி இருந்தது. அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாதவள் போல வைத்துக்கொண்டே இருந்தாள். அந்தம்மா உள்ளே போய் எங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போது தன் போன் நம்பரைக் கொடுத்து அம்மாவுடையதையும் வாங்கிக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மா கோல்கீப்பரைக் கூப்பிட்டனுப்பினாள். "எம் பையன் பேருல இனிமே போட்டி வேணாம். கப்பு இந்த வூட்டு வாசல மிதிக்கக் கூடாது" என்றாள். அவன் அழுதான். நீங்களே இப்படிச் சொன்னால் தம்பியை ஊரில் யார் நினைப்பார்கள் என்று கேட்டான். அது அம்மாவுக்கு எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். அவனை அடிக்கலாம் போல வந்தது. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று மட்டுமில்லை, பல நாள் அப்படியே படுத்திருந்தாள்.

போட்டி நிற்கவில்லை. அது இப்போது ஊர்ப் போட்டி, ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுமனை விற்கிற ஒருவர் கோப்பை கொடுக்க முன்வந்தார், அவர் பெயரே போட்டிக்கும் வந்துவிட்டது. பேனரில் அவர் வெள்ளைச் சட்டையோடு கும்பிடுகிறார். கோல்கீப்பர் அந்த வருடமே ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். தடுப்பில் இருக்கும் இடைவெளி அப்படியே இருக்கிறது. பாலம் வரவில்லை. ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வராவிட்டாலும் ஊர்வலம் போகாமல் இருப்பதில்லை.

இந்த வருடப் போட்டி அன்று அம்மா ஏரிக்குப் போகவில்லை. காலையில் இருந்தே மைக் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. துணி துவைத்தாள், துவைத்ததையே மறுபடி அலசினாள். சாயங்காலம் வெடிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நின்றாள். பைக்குகள் சாலையில் கூச்சலோடு எங்கள் தெருமுனையைக் கடந்து போயின. ஜெயித்தது எந்த ஊர் என்று என்னை விசாரிக்கச் சொன்னாள். காரிமங்கலம் பக்கம்தான் என்றேன். அந்த அணியில் இருந்த ஒரு பையனின் அக்கா என் பள்ளியில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்டாள். இன்னும் இரண்டு வண்டி வரவில்லை என்றதும் அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, அவர்களும் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி நல்லம்பள்ளிக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கமும் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"எல்லாரும் வூடு போய்ச் சேந்துட்டாங்களாம்மா" என்றாள் அம்மா.

"சரிங்க்கா" என்றது அந்தக் குரல். பிறகு, "எம் பையந்தான் இன்னும் வரல" என்றது.

"எம் பையனுந்தாம்மா" என்றாள் அம்மா.